விடுதி அறைக்கு எந்த மின்சாதனத்தைக் கொண்டுபோகலாம்? டெல்டா மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரியில் இடம் கிடைத்து, பெட்டி படுக்கையோடு விடுதிக்கு வரும் பிள்ளைகளின் சாமான்களில் அநேகமாக ஒரு எலக்ட்ரிக் கெட்டில் இருக்கும். அம்மாவோ அத்தையோ வாங்கிக் கொடுத்திருப்பார்கள். "ராத்திரி பசிச்சா வெந்நீர் வச்சு ஏதாவது கலக்கிக் குடி" என்று சொல்லியும் அனுப்பியிருப்பார்கள். ரூம் செக்கிங் வந்தால் முதலில் பறிபோவதும் அதுதான். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் துணை வார்டனாக இருந்தவன் நான். பறிமுதல் செய்த சாமான் கிடக்கும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நிறைய சண்டை பார்த்தாயிற்று. 'லேப்டாப்புக்கு மட்டும் கரண்ட் உண்டு, கெட்டிலுக்குக் கிடையாதா?' என்று மாணவர் கேட்பார். 'ரூல் இஸ் ரூல்' என்று வார்டன் சொல்வார். இரண்டு பேருமே சுவருக்குள் ஓடும் ஒயரைப் பற்றிப் பேச மாட்டார்கள். உண்மையில் விதியை எழுதியது அந்த ஒயர்தான். அது எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிட்டால் விடுதி விதிகளில் முக்கால்வாசி தானாகப் புரியும். எங்கே அனுமதி கேட்கலாம், எங்கே கேட்டுப் பிரயோஜனமில்லை என்பதும் தெரியும்.

படி 1: எந்த மாதிரி விடுதி என்று பாருங்கள்

கல்லூரி, பல்கலைக்கழக விடுதி என்றால் சேரும்போதே ஒரு விதிமுறைத் தாளில் கையெழுத்து வாங்குவார்கள். நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகம் ஆகட்டும், திருச்சி என்.ஐ.டி. ஆகட்டும், பழைய கும்பகோணம் அரசுக் கல்லூரி ஆகட்டும், கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைப் படியுங்கள். மின்சாதனங்களுக்கென்று ஒரு பத்தி நிச்சயம் இருக்கும். அபராதம், பறிமுதல், பொருளை எப்போது திருப்பித் தருவார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாக்குவாதம் வந்தால் உதவும்.

அரசு நடத்தும் மாணவர் விடுதிகளில் (2025 முதல் 'சமூகநீதி விடுதி' என்று பெயர்) பெரும்பாலும் பலர் சேர்ந்து தங்கும் பெரிய அறைகள்தான். ஆளுக்கு ஒரு பிளக் பாயிண்ட் கிடைப்பதே கஷ்டம். அங்கே கேள்வியே வேறு: சார்ஜ் போட முறை வைப்பது எப்படி என்பது.

தனியார் விடுதியில் விதி என்பது ஓனர் வாயில் இருப்பதுதான். பெண்கள் தங்கும் விடுதியாக இருந்தால் ஒன்றை மட்டும் கேட்கத் தயங்க வேண்டாம். பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2014இல் வந்தது. அதன்படி விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று அப்பாவோ அம்மாவோ கேட்பதில் தவறே இல்லை. உரிமத்தைக் காட்டத் தயங்குகிற இடத்தில் ஒயரிங் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

நாலு பேர் சேர்ந்து வாடகை வீடு எடுத்தால் வார்டன் கிடையாது, சப்மீட்டர்தான் வார்டன். யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

படி 2: சாமானைப் பிரிப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள்

பழைய விடுதி அறையின் சுவிட்ச் போர்டு எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டு மூன்று சுவிட்ச், ஒரு ஃபேன் ரெகுலேட்டர், கீழே ஒரே ஒரு சாக்கெட். அந்தச் சாக்கெட்டின் அளவைக் கவனியுங்கள். சின்னதாக இருந்தால் 6 ஆம்பியர் (பழைய போர்டுகளில் 5 என்று அச்சடித்திருக்கும்). ஓட்டைகள் பெரிதாக, குளியலறை கீசருக்கு இருப்பதுபோல் இருந்தால் 16 ஆம்பியர். மாணவர் அறைகளில் 16 ஆம்பியர் பாயிண்ட் பொதுவாக வைக்கமாட்டார்கள். மறந்துபோய் வைக்காமல் விட்டதில்லை. அதற்குத் தனியாகத் தடித்த ஒயர் இழுக்க வேண்டும், 2.5 சதுர மில்லிமீட்டராவது. லைட், ஃபேன் ஓடும் சர்க்யூட்டில் அதைவிட மெல்லிய ஒயர்தான் இருக்கும். பல இடங்களில் ஒரே எம்.சி.பி.யில் (கரண்ட் அளவுக்கு மிஞ்சினால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) இரண்டு மூன்று அறைகள் சேர்ந்து தொங்கும்.

அடுத்து சாக்கெட்டைக் கிட்டப்போய்ப் பாருங்கள். ஓட்டைகளைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கிறதா? பிளக்கைச் செருகினால் ஆடுகிறதா? லேசாகச் சாய்ந்து தொங்குகிறதா? சுவிட்சைப் போடும்போது உள்ளே 'சர்ர்' என்று சத்தம் வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உங்களுக்கு முன் இருந்தவர் அதில் எதையோ சூடு பண்ணியிருக்கிறார் என்று அர்த்தம். உள்ளே இருக்கும் பித்தளைக் கவ்வி தளர்ந்திருக்கும். தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் இன்னும் தளரும். அன்றைக்கே புகார்ப் பதிவேட்டில் எழுதி, போட்டோவும் எடுத்து வையுங்கள். அறையைக் காலி செய்யும்போது அந்தக் கருகலுக்கு உங்களிடம் காசு கேட்காமல் இருக்கவும் அந்த போட்டோ உதவும்.

எர்த் (கசியும் கரண்ட்டைத் தரைக்குள் இறக்கிவிடும் ஒயர்) இருக்கிறதா என்பதும் முக்கியம். மெட்டல் பாடி லேப்டாப்பை சார்ஜில் போட்டுவிட்டுக் கையை வைத்தால் 'சுர்'ரென்று ஊர்வதுபோல் இருக்கிறதா? சார்ஜரில் மூன்று பின் இருந்தும் அப்படி இருந்தால் அந்தப் பாயிண்டில் எர்த் சரியாக இல்லை என்று சந்தேகப்படலாம். லேப்டாப்பில் அது வெறும் கூச்சம்தான். அதே பாயிண்டில் லீக்கேஜ் உள்ள அயர்ன் பாக்ஸைப் போட்டால் ஆளையே தூக்கிவிடும். நீங்களே டெஸ்டரை வைத்து நோண்டாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள், மீட்டர் வைத்தால் இரண்டு நிமிட வேலை.

வராந்தா மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் அவரிடமே கேளுங்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை, ஆர்.சி.சி.பி. காப்பாற்றுவது ஆளை. 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் வேறு வழியில் கசிந்தாலே அது டிரிப் ஆகிவிடும். அதில் 'T' (டெஸ்ட்) என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். அமுக்கினால் உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது சும்மா அலங்காரத்துக்கு இருக்கிறது.

படி 3: பொருளின் அடிப்பக்கத்தில் இருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள்

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பொருளின் வாட்டை 230ஆல் வகுத்தால் அது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று தெரிந்துவிடும். 6 ஆம்பியர் பாயிண்டின் உச்சம் 1,380 வாட். இந்த ஒரு எண்ணை மனசில் வைத்துக்கொண்டால் போதும்.

65 வாட் லேப்டாப் சார்ஜர் 0.3 ஆம்பியர்கூட இழுக்காது. அயர்ன் பாக்ஸ் 750இலிருந்து 1,000 வாட், அதாவது மூன்றேகாலிலிருந்து நாலேகால் ஆம்பியருக்குச் சற்று மேல் வரை. கெட்டில் பெரும்பாலும் 1,500 வாட், ஆறரை ஆம்பியர். வாட்டர் ஹீட்டர் ராடும் 1,000 அல்லது 1,500. இண்டக்‌ஷன் ஸ்டவ் 1,600இலிருந்து 2,000 வாட் வரை, எட்டரை ஆம்பியருக்கு மேல் போகும்.

'நான் கெட்டில் போட்டேன், ஒண்ணும் ஆகலையே, எம்.சி.பி. விழவே இல்லையே' என்று எல்லாரும் சொல்வார்கள். விழாதுதான். 6 ஆம்பியர் எம்.சி.பி. என்பது 6ஐத் தாண்டிய நொடியில் பட்டென்று விழும் சாமான் இல்லை. ஏறக்குறைய 6.8 ஆம்பியர் வரை ஒரு மணி நேரமானாலும் விழக்கூடாது என்றுதான் அதன் தரநிர்ணயமே சொல்கிறது. ஒன்றரை மடங்கை நெருங்கும்போதுதான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். ஆக, ஆறரை ஆம்பியர் இழுக்கும் உங்கள் கெட்டில், எம்.சி.பி. கண்ணுக்குத் தெரியாமல் தினமும் அந்தச் சாக்கெட்டையும் ஜாயிண்டையும் வாட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. அடுத்த வருஷம் அந்த அறைக்கு வரும் ஜூனியர் கையில்தான் அது கருகும்.

இன்னொரு கணக்கு, இது வார்டன் பக்கத்துக் கணக்கு. உங்கள் ஒரு கெட்டில் பிரச்சினையே இல்லை. காலை ஆறரைக்கு 40 அறையிலும் ஒரே நேரத்தில் 1,500 வாட் போட்டால் 60 கிலோவாட். லைட்டும் ஃபேனும் மட்டும் ஓடும் என்று கணக்குப் போட்டு மின்வாரியத்திடம் அனுமதி வாங்கிய கட்டடம் அது. கல்லணையில் எவ்வளவு திறந்துவிட்டாலும் கடைமடை வாய்க்கால் தன் அகலத்துக்குத்தானே தண்ணீர் வாங்கும்? 'அவனுக்கு மட்டும் எப்படி விட்டீங்க' என்ற கேள்வி வந்துவிடும் என்பதால்தான் ஒருத்தருக்குக்கூட விடுவதில்லை.

ஸ்டிக்கரில் வாட்டோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள். முத்திரைக்குப் பக்கத்தில் 'சி.எம்./எல்' என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். மொபைல் சார்ஜர், பவர் பேங்க் போன்றவற்றில் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு ஆப்பில் எண்ணைப் போட்டால் அசலா போலியா என்று காட்டிவிடும். பஸ் ஸ்டாண்டில் விற்கும் நூறு ரூபாய் சார்ஜரில் எண் இருந்தாலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வேடிக்கையாகவாவது இருக்கும்.

படி 4: மூன்று குவியலாகப் பிரியுங்கள்

கேட்காமலே கொண்டுபோகலாம் என்ற குவியலில் மொபைல் சார்ஜர், லேப்டாப், எல்.இ.டி. படிப்பு விளக்கு, டிரிம்மர், எமர்ஜென்சி லைட், கொசு லிக்விட் மெஷின் எல்லாம் வரும். கொசு மெஷின் ஐந்து வாட் சமாச்சாரம். வாய்க்காலும் வயலும் சூழ்ந்த ஊரில் அது இல்லாமல் ஐப்பசி, கார்த்திகையைத் தள்ள முடியாது என்பது வார்டனுக்கும் தெரியும். கொசுவத்திச் சுருளைப் படுக்கைக்குப் பக்கத்தில் கொளுத்தி வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். கொசுவலை இரண்டையும்விட மேல்.

கேட்டுவிட்டுக் கொண்டுபோக வேண்டியவை: டேபிள் ஃபேன், அயர்ன் பாக்ஸ், ஏர் கூலர், டெஸ்க்டாப் கம்ப்யூட்டர், 200 வாட்டுக்கு மேல் இழுக்கும் கேமிங் லேப்டாப், பிரிண்டர், முடி நேராக்கும் ஸ்ட்ரெய்ட்னர். ஸ்ட்ரெய்ட்னர் எதற்கு இந்தக் குவியலில் என்று தோன்றும். நாற்பது ஐம்பது வாட்தான். ஆனால் அதன் தகடு 200 டிகிரி வரை போகும். அவசரத்தில் மெத்தை மேல் வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர்கள் உண்டு. வாட் கணக்கு ஏமாற்றும் இடம் இது. ஆம்பியர் ஒரு கேள்வி, சூடான பரப்பு இன்னொரு கேள்வி.

டேபிள் ஃபேன் கேட்பதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றுதான் பலர் டேபிள் ஃபேன் வாங்குகிறார்கள். மெதுவாகச் சுற்றும் ஃபேனில் பெரும்பாலும் கண்டென்சர்தான் போயிருக்கும். விலை குறைந்த சாமான், எலக்ட்ரீஷியன் ஸ்டூலைப் போட்டு ஏறினால் பத்து நிமிடம். புகார்ப் பதிவேட்டில் 'ஃபேன் சரியில்லை' என்று எழுதாமல் 'கண்டென்சர் மாற்ற வேண்டும்' என்று எழுதுங்கள். வேலை சீக்கிரம் நடக்கும்.

ஏர் கூலர் 150, 200 வாட்தான், ஒயருக்குப் பாரமில்லை. ஆனால் ஊரைப் பார்த்து வாங்குங்கள். திருச்சியின் வறண்ட சித்திரை வெயிலில் கூலர் நன்றாகவே வேலை செய்யும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது அது புழுக்கத்தைத்தான் கூட்டும். கடலோரக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அந்தக் காசில் நல்ல ஃபேன் வாங்கித் தரலாம்.

மூன்றாவது குவியல் வீட்டிலேயே இருக்கட்டும்: வாட்டர் ஹீட்டர் ராடு, இண்டக்‌ஷன் ஸ்டவ், திறந்த காயில் ஹீட்டர், ரைஸ் குக்கர், டோஸ்டர், கெட்டில், குட்டி ஃபிரிட்ஜ். கழற்றி எடுக்கும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரியை அறைக்குள் சார்ஜ் போடும் வழக்கமும் இப்போது தலைகாட்டுகிறது. அதையும் இதில் சேருங்கள். லித்தியம் பேட்டரி பிடித்துக்கொண்டால் அறைக்குள் நின்று அணைக்கும் தீ இல்லை அது. ஃபிரிட்ஜ் ஆபத்தில்லாத பெட்டி என்று நினைக்க வேண்டாம். 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு தனியார் பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்துப் பிடித்த தீயில் உயிர்கள் போயின.

இந்தக் குவியலில் எனக்கு ஒன்றின் மேல்தான் உண்மையான பயம்: ராடு. கெட்டில் ஒயரைக் கெடுக்கும், ராடு ஆளைக் கொல்லும். தண்ணீர் சுட்டுவிட்டதா என்று சுவிட்சை அணைக்காமலே விரலை விட்டுப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் விஷயம். வெளியே வழவழவென்று இருக்கும் குழாய்க்குள் காயில் இருக்கிறது. அந்தக் குழாயில் மயிரிழை அளவுக்கு வெடிப்பு விழுந்தால் வாளித் தண்ணீர் முழுக்கக் கரண்ட். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு. உப்புத் தண்ணீரில் ராடின் மேல் வெள்ளையாகப் பாறை கட்டும், உள்ளே சூடு தங்கும், குழாயும் அரிக்கும். உப்புத் தண்ணீர் கரண்ட்டையும் நன்றாகக் கடத்தும். எர்த் இல்லாத சாக்கெட்டும் ஈரத் தரையும் அதோடு சேர்ந்துவிட்டால் பிழைப்பது அதிர்ஷ்டம்தான். ஐ.எஸ்.ஐ. ராடாக இருந்தாலும் விடுதி அறைக்கு அது வேண்டாம் என்பதுதான் என் முடிவு. டெல்டாவின் மார்கழிக் குளிர், வெந்நீர் இல்லாமல் குளிக்கவே முடியாத குளிர் ஒன்றும் இல்லை.

படி 5: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்குவது

ஒரே சாக்கெட், மூன்று பேர். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் ஆகாது. பெரும்பாலான விடுதிகள் இதற்கு அனுமதிக்கும், அல்லது கண்டுகொள்ளாது. மூன்று பின் பிளக் உள்ளதாக, ஒயர் தடிமனாக, ஓவர்லோடு ஆனால் துண்டிக்கும் பட்டன் உள்ளதாக வாங்குங்கள். ஒன்றை இன்னொன்றில் செருகி நீட்டாதீர்கள். ஒயரை மெத்தைக்கு அடியிலோ கதவு இடுக்கிலோ விடாதீர்கள். சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்து ஓட்டுவதும் கூடாது, சுருளுக்குள் சூடு அடைந்துவிடும்.

பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் மாட்டுவதற்கு ஒரு கன்வெர்ஷன் பிளக் எல்லா எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கிறது. கம்பெனிக்காரர் பெரிய பிளக் வைத்து அனுப்பியதே 'இதைச் சின்ன சாக்கெட்டில் மாட்டாதே' என்று சொல்லத்தான். அந்தத் தடுப்பைக் கொஞ்சம் காசுக்கு உடைக்கிறோம். நான் பறிமுதல் செய்தவற்றில் எந்த வருத்தமும் இல்லாமல் குப்பையில் போட்டது இது ஒன்றைத்தான்.

படி 6: அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

'சீனியர் சொன்னார்', 'வாட்ச்மேன் அண்ணன் பரவாயில்லைன்னார்' என்பதெல்லாம் செக்கிங் அன்று நிற்காது. ஒரு கடிதம் போதும். நீளமாக எழுத வேண்டாம்:

"பெறுநர்: விடுதிக் காப்பாளர் அவர்கள். மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, நான் முதல் தளம் 14ஆம் எண் அறையில் தங்கியிருக்கிறேன். எனக்கு ஆஸ்துமா இருப்பதால் மருத்துவர் சொன்னபடி நெபுலைசர் பயன்படுத்த வேண்டியுள்ளது. அதன் மின்திறன் 120 வாட். சாதாரண 6 ஆம்பியர் பாயிண்டிலேயே இயங்கும். மருத்துவரின் கடிதத்தையும் கருவியின் விவரச் சீட்டையும் இணைத்துள்ளேன். அறையில் வைத்துக்கொள்ள அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

வாட்டும் ஆம்பியரும் எழுதியிருந்தால் வார்டனுக்குப் பாதி வேலை முடிந்தது. அவர் எலக்ட்ரீஷியனிடம் காட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்தக் கடிதத்தின் நகலைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள்.

மருத்துவக் கருவிக்கு மறுத்தால் விட்டுவிட வேண்டாம். மாற்றுத்திறனாளி மாணவர் என்றால் 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டமே தேவையான வசதியைச் செய்து தரச் சொல்கிறது. வார்டனுக்கு மேல் டீன், முதல்வர் வரை போகலாம். இன்சுலின் வைத்திருப்பவர்கள் தனி ஃபிரிட்ஜ் கேட்பதைவிட, மெஸ் ஃபிரிட்ஜில் பெயர் எழுதிய டப்பாவுக்கு இடம் கேட்பது சுலபமாக நடக்கும்.

படி 7: கெட்டில் இல்லாமல் எப்படி?

நல்ல ஸ்டீல் பிளாஸ்க் ஒன்று வாங்குங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் போகும்போது மெஸ்ஸில் வெந்நீர் பிடித்துக்கொண்டால் பன்னிரண்டு மணிக்கும் சூடாக இருக்கும். நூடுல்ஸ் வேகாது, ஆனால் ஹார்லிக்ஸ் கலக்கலாம், அவல் ஊறும். காபிக்கு டிகாக்‌ஷன் போட்டு வைத்துக்கொள்ளும் கும்பகோணத்துப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஃபில்டருக்குக் கரண்ட் தேவையில்லை, மெஸ் வெந்நீரும் பக்கத்துக் கடைப் பாலும் போதும். துணிக்கு, கல்லூரி வாசலுக்குப் பக்கத்தில் இஸ்திரி வண்டி இல்லாத ஊர் டெல்டாவில் இல்லை.

இதெல்லாம் மாணவர் செய்யக்கூடியது. விடுதி செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தளத்துக்கு ஒரு பொது இடத்தில் 16 ஆம்பியர் பாயிண்ட் வைத்து, ஒரு கெட்டிலும் ஒரு இஸ்திரி மேசையும் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துபோகும். மாணவர் பிரதிநிதிகள் வார்டனைப் பார்க்கப் போகும்போது 'அறையில் கெட்டில் அனுமதியுங்கள்' என்று கேட்காமல் இதைக் கேளுங்கள். கிடைக்கக்கூடிய கோரிக்கை இது.

படி 8: மழைக்காலமும் மின்தடையும்

வடகிழக்குப் பருவமழை இங்கே அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. சுவர் ஓதம் ஏறும், தரைத்தள அறைகளில் சாக்கெட்டுக்குள்ளேயே ஈரம் இறங்கும். சுவரில் ஈரத் திட்டு சுவிட்ச் போர்டு வரை வந்துவிட்டால் அந்த போர்டைத் தொடாதீர்கள், எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அந்த சர்க்யூட்டை நிறுத்தச் சொல்லுங்கள். ஈரக் கையோடு சுவிட்ச் தொடாதே என்று சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறோம். ஈர முடியோடு சார்ஜரில் கிடக்கும் மொபைலை எடுக்காதே என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் பெரும்பாலும் மதியம் தாண்டித்தான் கரண்ட் வரும். அந்த அறிவிப்பு முந்தைய நாளே வந்துவிடும். ஜெனரேட்டர் உள்ள விடுதிகளிலும் அது லைட்டுக்கும் ஃபேனுக்கும்தான். ஜெனரேட்டர் ஓடும்போது லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுவது நல்லது. கரண்ட் போனதும் அயர்ன் பாக்ஸ் போல எது போட்டிருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வகுப்புக்குப் போய்விட்டால், நீங்கள் இல்லாத நேரத்தில் கரண்ட் வந்து அது தானாகச் சூடேறும்.

2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால் பவர் பேங்க்கை நிரப்பிவிட்டு எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். காற்று ஓய்ந்தபின் வெளியே கிடக்கும் ஒயரைத் தாண்டிப் போகாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. அதைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

படி 9: செக்கிங் வரும்போது

இதைச் சொல்ல வார்டன்களுக்குப் பிடிக்காது. தடையைவிட ஒளித்து வைப்பதில்தான் ஆபத்து அதிகம். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டதும் சூடான அயர்ன் பாக்ஸைத் துணி அலமாரிக்குள் தள்ளுவார்கள். கொதிக்கும் கெட்டிலைச் சூட்கேஸில் போட்டு ஜிப்பை இழுப்பார்கள். ஒருமுறை ஓர் அறைக்குள் நுழைந்தால் மூன்று பிள்ளைகளும் புத்தகத்தை விரித்துக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தார்கள். மசாலா வாசனை தூக்கியது. கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியின் மூடி விளிம்பிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. திறந்தால் கெட்டில் நிறைய நூடுல்ஸ், அதன் மேல் ஒரு போர்வை. அதே இடத்தில் அயர்ன் பாக்ஸ் இருந்திருந்தால் நான் அறையை விட்டுப் போன அரை மணி நேரத்தில் போர்வை பிடித்திருக்கும்.

ஆகவே மாட்டினால் மாட்டிக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பொருளைத் தரையில் வைத்துவிட்டு நில்லுங்கள். அபராதம் கட்டினால் போயிற்று. எடுத்துக்கொண்டு போகும் பொருளுக்குச் சீட்டு கேளுங்கள். பெயர், அறை எண், பொருள், தேதி, வார்டன் கையெழுத்து. பல விடுதிகளில் பருவ இறுதியிலோ பெற்றோர் வரும்போதோ திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சீட்டு இல்லையென்றால் எந்தக் கெட்டில் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ரூம்மேட் பொருளுக்கு நீங்கள் பழி ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அறைக்கே கூட்டு அபராதம் என்று விதியில் இருந்தால், அவர் ராடை எடுக்கும் முதல் நாளே 'எனக்கு இது சரிப்படாது' என்று சொல்லிவிடுங்கள்.

படி 10: ஏதாவது நடந்துவிட்டால்

ஒருவருக்கு ஷாக் அடித்துப் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். சுவிட்ச் அல்லது மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டை, பிளாஸ்டிக் நாற்காலி போன்றதால் அவரைத் தள்ளி விடுவியுங்கள். உடனே 108. மூச்சு இல்லையென்றால், தெரிந்தவர் யாராவது மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து 'ஒண்ணுமில்லை' என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. மெயினை நிறுத்திவிட்டு உலர்பொடி அல்லது கார்பன் டை ஆக்சைடு அணைப்பானைப் பயன்படுத்துங்கள். சின்னத் தீயாக இருந்தால் மட்டும். இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டு, பக்கத்து அறைகளைத் தட்டி எழுப்பிக்கொண்டே வெளியேறி 101 அல்லது 112ஐ அழையுங்கள்.

வெளியேறும் வழியை அன்றைக்குத் தேட முடியாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அந்தத் தீ சமையற்கூடத்தில் தொடங்கியது, மின்சாரத் தீ இல்லை. ஆனால் மாடியிலிருந்து வெளியேற வழி போதாமல் போனதுதான் இழப்பைப் பெருக்கியது. அதனால் விடுதியில் சேர்ந்த வாரத்திலேயே இரண்டாவது மாடிப்படி எங்கே இருக்கிறது, ராத்திரி பூட்டும் கிரில் கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் எங்கே படுப்பார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டுக்கு ஒரே சாவிதான், அது வாட்ச்மேன் இடுப்பில்தான் என்றால் அதைத்தான் முதலில் பெற்றோர் கூட்டத்தில் எழுப்ப வேண்டும், கெட்டிலை அல்ல.

படி 11: விடுமுறைக்குப் போகும்போதும் காலி செய்யும்போதும்

பொங்கல், தீபாவளி விடுமுறைக்குக் கிளம்பும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையும் கழற்றுங்கள். பவர் பேங்க்கைக் கையோடு எடுத்துப் போங்கள். உப்பியிருந்தால் அதை அறையிலும் வைக்காதீர்கள், குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். வருஷக் கடைசியில் காலி செய்யும்போது சுவிட்ச் போர்டை வந்த நாளில் எடுத்த அதே கோணத்தில் மறுபடி போட்டோ எடுத்து, பறிமுதல் சீட்டோடு வார்டன் அறைக்குப் போங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போய்விடுவது நல்லது. சாயங்காலம் பெற்றோர் கூட்டம் வந்துவிட்டால் உங்கள் அத்தை வாங்கிக் கொடுத்த கெட்டிலை அந்த அலமாரியில் தேடுவதற்கு யாருக்கும் நேரம் இருக்காது.